அத்தியாயம் 6: கதிரும் கதிரும்

செம்பூரில் ஹார்பர் லைன் ரயிலேறி வாஷிக்குப் போகிறவர்கள், மான்குர்டைத் தாண்டியதும் வலப்பக்க ஜன்னலோரம் நகர்ந்துகொள்வது நல்லது. அலையாத்திச் செடிகளுக்கு அப்பால் டிராம்பே குன்று தெரியும். அந்தக் குன்றை ஒட்டித்தான் பாபா அணு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. செம்பூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு அது 'பி.ஏ.ஆர்.சி.' தெருவுக்கு ஒருவராவது அங்கே வேலை பார்த்திருப்பார். ரயில் தடதடவென்று கழிமுகப் பாலத்தைக் கடந்ததும் வாஷி வந்துவிடும்.

இந்த ரயில் பாதை 1992-இல்தான் வந்தது. அதற்கு வெகு முன்பே, 1980களின் தொடக்கத்தில், மும்பை நகருக்குள் நெரிந்துகொண்டிருந்த வெங்காய, உருளைக்கிழங்கு மொத்த வணிகம் பாலத்தின் இந்தப் பக்கம் குடிவந்துவிட்டது. மராத்தியில் 'காந்தா-படாட்டா' சந்தை. நாசிக்கிலிருந்து வெங்காயமும் ஆக்ராவிலிருந்தும் குஜராத்திலிருந்தும் கிழங்கும் லாரி லாரியாக வந்து இறங்கும். மாத்தாடித் தொழிலாளர்கள் மூட்டைகளை முதுகில் ஏற்றிக்கொண்டு ஓடுவார்கள். மாட்டுங்கா ஓட்டல்களின் மசால் தோசைக்குள் போகிற கிழங்கு, தெருமுனை வடாபாவுக்குள் போகிற கிழங்கு, தாராவிச் சமையலறைகளில் வேகிற கிழங்கு எல்லாம் பெரும்பாலும் இந்த வாசலைக் கடந்தவைதான்.

கிழங்கு வியாபாரிக்குப் பெரிய எதிரி எலியோ மழையோ அல்ல, முளை. "கண்ணு முளிச்சிருச்சின்னா பாதி வெலதான் அண்ணாச்சி" என்பார்கள் அங்கே நம்மவர்கள். அறிவியல்படியும் அது சரியான பேச்சு. உருளைக்கிழங்கு செத்த பண்டமல்ல, உறங்குகிற உயிர். மேலே நாம் பார்க்கிற ஒவ்வொரு 'கண்'ணும் ஒரு மொட்டு. உறக்கக் காலம் முடிந்து கொஞ்சம் வெதுவெதுப்பும் கிடைத்தால் கிழங்கு தன் மாவைக் கரைத்து முளைக்கு ஊட்டத் தொடங்கிவிடும். கிழங்கு சுருங்கும், எடை குறையும்.

இந்த முளையை அடக்க ஒரு வழி கதிர்வீச்சு. இதே வாஷியில், அணுசக்தித் துறையைச் சேர்ந்த கதிர்வீச்சு, ஐசோடோப்புத் தொழில்நுட்ப வாரியத்தின் ஆலை ஒன்று 2000 ஜனவரி முதல் இயங்குகிறது. கிழங்கை விட மிளகாய், மல்லி, மஞ்சள் போன்ற மசாலாப் பொருட்களுக்காக அமைக்கப்பட்டது. பெட்டிகள் தடித்த காங்கிரீட் சுவர்களுக்குள் நகர்ந்து போகும். கோபால்ட்-60 உமிழும் காமா கதிர்கள் அவற்றை ஊடுருவும். பெட்டிகள் மறுபுறம் வெளியே வரும். கிருமியும் பூச்சியும் அடங்கிவிடும்.

அப்படி வெளியே வந்த மிளகாய்த்தூளைச் சாப்பிடலாமா?

வீட்டில் யாரும் கேட்கக்கூடிய கேள்விதான். ஆனால் வாஷி ஆலை வருவதற்குக் கிட்டத்தட்ட 40 ஆண்டுகளுக்கு முன்பே இதைச் சோதனைச்சாலைக்குள் கொண்டுபோன இந்தியர்களுள் முன்னால் நின்றவர், கும்பகோணத்தில் பிறந்த ஒரு தாவர மரபியலாளர். நாடு அவரைக் கோதுமைக்காக நினைவில் வைத்திருக்கிறது. இந்த அத்தியாயம் அவரை உருளைக்கிழங்கிலிருந்து தொடங்கிப் பார்க்கிறது.

மருத்துவர் வீட்டுப் பிள்ளை

மாங்கொம்பு சாம்பசிவன் சுவாமிநாதன் 1925 ஆகஸ்ட் 7 அன்று பிறந்தார். பெயரின் முதல் சொல் கேரளக் குட்டநாட்டில் உள்ள பூர்வீக ஊர். கடல் மட்டத்துக்கும் தாழ்வான வயல்களில் நெல் விளைகிற பூமி அது. அப்பா எம்.கே. சாம்பசிவன் கும்பகோணத்தில் அறுவை மருத்துவர், காந்தியவாதி. யானைக்கால் நோயை ஒழிக்க ஊர் மக்களைத் திரட்டிக் கொசு பெருகும் இடங்களை அழிக்க வைத்தவர். நோயாளிக்கு மருந்து கொடுப்பதோடு நிற்காமல் நோயின் ஊற்றைத் தேடிப் போகிற அந்த வழக்கத்தை மகன் சிறுவயதிலேயே பார்த்தார். பதினோரு வயதில் அப்பாவை இழந்தார். வளர்த்த சித்தப்பாவும் மருத்துவர். ஆகவே பையனும் மருத்துவம்தான் படிப்பான் என்று வீட்டில் நினைத்ததில் வியப்பில்லை.

திருவனந்தபுரத்தில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தபோது, 1943-இல், வங்காளத்தில் பஞ்சம் வந்தது. சுமார் 30 லட்சம் பேர் மாண்டார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அந்தச் செய்திகள்தாம் மருத்துவத்திலிருந்து வேளாண்மைக்குத் தன்னைத் திருப்பின என்று சுவாமிநாதன் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியில் சேர்ந்து 1947-இல் பட்டம் பெற்றார். பிறகு டில்லி, இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம். நடுவில் அரசுப் பணித் தேர்வு எழுதி இந்தியக் காவல் பணிக்கும் தேர்வானார். அதே வேளையில் நெதர்லாந்தில் படிக்க யுனெஸ்கோ உதவித்தொகையும் கிடைத்தது. காக்கிச் சட்டையை விட்டுவிட்டு 1949-இல் வாகனிங்கன் போனார். அங்கே அவருக்குக் கிடைத்த ஆய்வுப்பொருள் உருளைக்கிழங்கு.

நாற்பத்தெட்டு

உயிரணு பிரிகிற வேளையில் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், மரபுச் செய்தி முழுவதும் சுருட்டி வைத்த சிறு தண்டுகள் தெரியும். அவைதாம் குரோமோசோம்கள். மனிதருக்கு 46, நெல்லுக்கு 24, நாம் சமைக்கிற உருளைக்கிழங்குக்கு 48.

இந்த 48-இல் ஒரு சங்கதி இருக்கிறது. உருளைக்கிழங்கு இனத்தின் அடிப்படை எண் 12. சமையல் கிழங்கு அந்தப் பன்னிரண்டை நான்கு முறை அடுக்கி வைத்திருக்கிறது. தென் அமெரிக்க ஆண்டீஸ் மலைகளில் வளரும் காட்டு உறவினங்களிலோ 24, 36, 48, 60, 72 என்று பல வரிசைகள் உண்டு. இப்படி அடுக்கு கூடுவதற்குப் பெயர் பன்மடியம். காட்டுக் கிழங்கில் சில பனியைத் தாங்கும், சில நூற்புழுவை எதிர்க்கும். அந்தக் குணத்தை நம் கிழங்குக்குக் கொண்டுவர நினைத்தால் கலப்பினம் செய்ய வேண்டும். ஆனால் 24-ஐ 48-உடன் சேர்த்தால் பெரும்பாலும் விதையே பிடிக்காது. கொல்கிசின் என்ற வேதிப்பொருளால் 24-ஐ முதலில் 48 ஆக்கிக்கொண்டு பிறகு சேர்ப்பது ஒரு வழி. எந்தக் காட்டினம் எதற்கு நெருங்கிய சொந்தம், எதன் அடுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் எதை எதோடு சேர்ப்பது என்பதும் தெரியும்.

சுவாமிநாதன் செய்தது அந்த வம்சக் கணக்கு. வாகனிங்கனில் தொடங்கி, கேம்பிரிட்ஜில் தொடர்ந்து, உருளைக்கிழங்கு இனங்களின் பன்மடியம் பற்றி 1952-இல் முனைவர் பட்டம் பெற்றார். அடுத்து அமெரிக்காவின் விஸ்கான்சின். அங்கே, உறைபனி தாங்கும் ஆண்டீஸ் காட்டினம் ஒன்றின் குணத்தைச் சமையல் கிழங்குக்குள் புகுத்தும் வேலையில் அவருக்குப் பங்கு உண்டு. அதன் விளைவு 'அலாஸ்கா ஃப்ராஸ்ட்லெஸ்' என்ற ரகம். நெதர்லாந்தில் அவர் எதிர்கொண்ட பொன்னிற நூற்புழு, சில ஆண்டுகளில் நம் நீலகிரியிலேயே தென்பட்டது. 1961-இல் உதகமண்டலத்தில் அது கண்டறியப்பட்டது.

விஸ்கான்சினில் ஆசிரியப் பணி தருவதாகச் சொன்னார்கள். மறுத்துவிட்டு 1954-இல் ஊர் திரும்பினார். இங்கே அவருக்காக உருளைக்கிழங்கு வேலை எதுவும் காத்திருக்கவில்லை. சில மாதங்கள் கட்டாக்கில் நெல் ஆராய்ச்சி. இந்திய நெல்லையும் ஜப்பானிய நெல்லையும் கலக்கும் திட்டம் அது. தஞ்சை விவசாயிகள் 1960களின் நடுவில் கொண்டாடிய ஏ.டி.டி. 27 அத்தகைய ஒரு கலப்பில் பிறந்ததுதான். 1954 கடைசியில் டில்லி நிறுவனத்துக்கு வந்துசேர்ந்தார். அங்கே அவர் கைக்கு வந்த பயிர் கோதுமை.

கிழங்கில் படித்த பாடம் வீண்போகவில்லை. சப்பாத்திக் கோதுமையும் அடுக்குப் பயிர்தான். அதன் எண் 42.

கதிர் பட்டுக் குறுகிய கதிர்

தமிழில் 'கதிர்' என்றால் ஒளிக்கற்றையும் அதுதான், தானியக் கொத்தும் அதுதான். சுவாமிநாதனின் 1950களைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை.

அன்றைய இந்தியக் கோதுமை உயரமானது, தண்டு மெலிந்தது. உரம் போட்டால் கதிர் கனக்கும். கனம் தாங்காமல் காற்றுக்கும் மழைக்கும் பயிர் படுத்துவிடும். சோழ நாட்டுப் பழைய நெல் ரகங்களிலும் இதே துன்பம் உண்டு. ஆகவே உரத்தை உண்டு நிமிர்ந்து நிற்கிற குட்டைப் பயிர் தேவை. அதைக் கதிர்வீச்சால் உண்டாக்க முடியுமா என்று சுவாமிநாதன் பார்த்தார்.

விதையில் காமா கதிர் பாய்ந்தால் மரபணுச் சரத்தில் அங்கங்கே முறிவு விழும். உயிரணு அதை ஒட்டுப்போடும். சில இடங்களில் ஒட்டு தப்பும். அந்தத் தப்புதான் சடுதிமாற்றம். ஆயிரக்கணக்கான செடிகளை வளர்த்தால் அவற்றில் ஒன்றிரண்டு பயனுள்ளதாக அமையலாம். டில்லியில் குட்டைச் செடிகள் கிடைக்கத்தான் செய்தன. ஆனால் தண்டு குட்டையானால் கதிரும் கூடவே குட்டையானது. நிமிர்ந்து நிற்கிற பயிர், ஆனால் தானியம் இல்லை.

தோல்வி என்று தெரிந்ததும் வேறு கதவைத் தட்டினார். ஜப்பானிய மரபியலாளர் ஹிட்டோஷி கிஹாரா சொன்ன தகவலைப் பிடித்துக்கொண்டு அமெரிக்காவின் ஆர்வில் வோகலுக்கு எழுதினார். வோகலிடம் 'நோரின்-10' என்ற ஜப்பானியக் குட்டைக் கோதுமையின் வழி வந்த ரகங்கள் இருந்தன. அவை குளிர்நாட்டுக்கு உரியவை. வெயில்நாட்டுக்கு ஏற்றவை மெக்சிகோவில் நார்மன் போர்லாகிடம் இருக்கின்றன என்று வோகல் வழிகாட்டினார். போர்லாக் 1963 மார்ச்சில் இந்தியா வந்து வயல்களைச் சுற்றிப் பார்த்தார். திரும்பிப் போய் நான்கு ரகங்களில் வகைக்கு 100 கிலோ அனுப்பினார்.

நோரின் வழி வந்த குட்டை மட்டும் ஏன் பலித்தது? பயிரை உயர்த்துகிற ஜிப்பரெல்லின் என்ற வளர்ச்சி ஊக்கி நோரின் வழிப் பயிரிலும் சுரக்கும், ஆனால் தண்டு அதற்குச் செவிசாய்க்காது. தண்டுக்குப் போகவேண்டிய ஊட்டம் மிச்சமாகித் தானியத்துக்குப் போகும். இந்த மரபணுவை அடையாளம் கண்டு வேலை செய்யும் விதத்தை விளக்கியது 1999-இல்தான். அதற்கு 35 ஆண்டுகளுக்கு முன்பே பஞ்சாப் விவசாயி அதை விதைத்துவிட்டார்.

விதைக்க வைத்ததில்தான் சுவாமிநாதனின் அடுத்த திறமை தெரிகிறது. ஆராய்ச்சிப் பண்ணையில் விளைந்தால் 'அது சர்க்கார் நிலம், விளையத்தான் செய்யும்' என்பார்கள். ஆகவே 1964-65 பருவத்தில் சிறு விவசாயிகளின் சொந்த நிலத்தில் செயல்விளக்கத் திடல்கள் போடப்பட்டன. டில்லிக்கு அருகே ஜௌந்தி என்ற கிராமம் விதைக் கிராமமாகவே ஆனது. அன்றைய வேளாண் அமைச்சர் சி. சுப்பிரமணியம், எதிர்ப்புகளைச் சமாளித்து, 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதை வரவழைத்தார். லூதியானாவில் டி.எஸ். அத்வாலும் டில்லியில் சுவாமிநாதனின் கோதுமைக் குழுவும் அந்த விதைகளிலிருந்து நம் மண்ணுக்கேற்ற ரகங்களைப் பொறுக்கி எடுத்தார்கள். கல்யாண் சோனா, சோனாலிகா எல்லாம் அந்தக் காலத்துப் பெயர்கள். 1964-65-இல் சுமார் 1.23 கோடி டன்னாக இருந்த கோதுமை விளைச்சல், 1967-68-இல் 1.65 கோடி டன் ஆனது. அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்துக் கிடந்த நாடு, 1968 ஜூலையில் 'கோதுமைப் புரட்சி' என்று தபால்தலை வெளியிட்டது.

கதிர்வீச்சையும் அவர் கைவிட்டுவிடவில்லை. மெக்சிகோ கோதுமை சிவப்பு நிறம். நம் சந்தையில் வெளிர்மஞ்சள் மணிக்குத்தான் விலை. 'சோனோரா-64' என்ற ரகத்தில் காமா கதிர் பாய்ச்சி, நிறம் மாறிய சடுதிமாற்றத்தைத் தேர்ந்தெடுத்து, 'ஷர்பதி சோனோரா' என்று வெளியிட்டார்கள். நிறம் மாறியது உண்மை. அதில் லைசின் என்ற புரதக்கூறு தாய் ரகத்தைவிடக் கூடுதல் என்று வெளியான கணக்கோ, பிறர் மீண்டும் அளந்தபோது நிற்கவில்லை. 1970களில் அது பெரும் சர்ச்சையானது. அவர் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் சிலர் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். அப்படிப் போகவேண்டியதில்லை. யார் வெளியிட்ட எண்ணும் மறு அளவீட்டுக்குத் தப்பாது என்பதற்கு அது ஒரு சான்று.

பிசைந்த கிழங்கும் பழ ஈயும்

இனி நம் மிளகாய்த்தூள் கேள்விக்கு வருவோம்.

1950களின் இறுதியில் உலகெங்கும் உணவைக் கதிரூட்டிப் பாதுகாப்பது பற்றிய பேச்சு பலமாக இருந்தது. கதிர்வீச்சைத் தன் அன்றாடக் கருவியாக வைத்திருந்த சுவாமிநாதன் அதற்கு ஆதரவாளராக இருந்திருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். அவர் அளந்து பார்க்கப் போனார். உருளைக்கிழங்கை வேகவைத்துப் பிசைந்து கதிரூட்டி, அந்தப் பிசைவின் மேல் வாற்கோதுமைக் கருக்களை வளர்த்து, வேர்முனை உயிரணுக்களின் குரோமோசோம்களைத் தன் குழுவினருடன் எண்ணினார். சாதாரணக் கிழங்கில் வளர்ந்தவற்றைவிட, கதிரூட்டிய கிழங்கில் வளர்ந்தவற்றில் உடைந்த குரோமோசோம்கள் அதிகம். 1962-இல் அந்தக் கட்டுரை வெளிவந்தது. அடுத்து, கதிரூட்டிய உணவில் பழ ஈக்களை வளர்த்துப் பார்த்தார்கள். ஈக்களின் சந்ததியில் சடுதிமாற்றங்கள் கூடியிருந்தன. ஏ.டி. நடராஜன் உள்ளிட்டோருடன் சேர்ந்து சுவாமிநாதன் எழுதிய அந்த ஆய்வு 1963-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். கதிரூட்டிய உணவு கதிரியக்கம் பெற்றுவிடுவதில்லை. கோபால்ட்-60 காமா கதிரின் ஆற்றல், அணுக்கருவை மாற்றுமளவு பெரிதல்ல. டார்ச் வெளிச்சம் பட்ட சுவர் டார்ச்சாக மாறாதது போலத்தான். சுவாமிநாதன் குழுவின் ஐயம் வேறு. கதிர் பட்டதும் உணவிலுள்ள நீரும் சர்க்கரையும் சிதைந்து புதிய வேதிப்பொருட்கள் உண்டாகின்றனவே, அவை உயிரணுவை என்ன செய்யும் என்பதே ஐயம்.

நியாயமான ஐயம். ஆனால் வாற்கோதுமைக் கருவுக்கு இரைப்பையும் கல்லீரலும் கிடையாது. அது அந்தப் பிசைவில் அப்படியே ஊறிக் கிடக்கிறது. மனிதன் தின்பதோ பல படிகளில் செரித்துப் பிரிந்துதான் இரத்தத்துக்குப் போகும். ஆகவே விலங்குகளுக்குத் தலைமுறை தலைமுறையாக ஊட்டிப் பார்க்கும் நீண்ட ஆய்வுகள் பல நாடுகளில் நடந்தன. நம் நாட்டிலேயே இந்த வழக்கு மறுபடியும் கிளம்பியது. 1975-இல், புதிதாகக் கதிரூட்டிய கோதுமையை உண்ட ஊட்டக்குறைவுள்ள குழந்தைகளின் இரத்தத்தில், குரோமோசோம் அடுக்கு கூடிய உயிரணுக்கள் தென்பட்டதாக ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தினர் எழுதினார்கள். டிராம்பே ஆய்வாளர்கள் ஒப்பவில்லை. இரு தரப்புத் தரவுகளையும் பார்க்கும் பொறுப்பு புள்ளியியலாளர் பி.வி. சுகாத்மேயிடமும் மரபியலாளர் பி.சி. கேசவனிடமும் கொடுக்கப்பட்டது. ஹைதராபாத் தரவுகள் அந்த முடிவைத் தாங்கவில்லை என்றார்கள் அவர்கள்.

இந்தக் கேசவன் யார் தெரியுமா? கதிரூட்டிய உணவால் உயிரணுவுக்கு வரக்கூடிய கேடுகள் பற்றிச் சில ஆண்டுகளுக்கு முன் சுவாமிநாதனோடு சேர்ந்து ஆய்வுரை எழுதியவர். ஐயத்தை எழுப்பிய பட்டறையிலிருந்தே ஐயத்தைச் சோதிக்கிறவரும் வந்தார்.

1980-இல் உலக உணவு வேளாண் அமைப்பு, உலக சுகாதார அமைப்பு, சர்வதேச அணுசக்தி முகமை மூன்றும் கூட்டிய நிபுணர் குழு, சராசரி 10 கிலோகிரே வரை கதிரூட்டிய எந்த உணவிலும் நச்சு அபாயம் இல்லை என்று முடிவு சொன்னது. கிரே என்பது ஒரு கிலோ பொருள் உள்வாங்கும் ஒரு ஜூல் ஆற்றல். 10 கிலோகிரே முழுவதும் சூடாக மாறினாலும் தண்ணீர் இரண்டரை டிகிரிகூடச் சூடேறாது. இந்தியா 1994-இல் வெங்காயம், உருளைக்கிழங்கு, மசாலா மூன்றுக்கும் அனுமதி தந்தது. கிழங்கின் முளையை நிறுத்த 60 முதல் 150 கிரே போதும். மசாலாவில் கிருமியை ஒழிக்க 6,000 முதல் 14,000 கிரே வேண்டும். நூறு மடங்கு வேறுபாடு ஏன்? முளைக்கும் மொட்டில் உயிரணுக்கள் பிரியத் துடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றின் நீண்ட மரபணுச் சரத்தில் சில முறிவுகள் விழுந்தாலே பிரிவு நின்றுவிடும். பாக்டீரியாவின் சரம் மிகச் சிறிது, குறி தப்புவதே அதிகம். அதனால் ஏராளமான கதிர் தேவை.

ஆகவே கேள்விக்குப் பதில்: சாப்பிடலாம். அந்தப் பதிலை நம்பலாம் என்பதற்குக் காரணம், அதற்கு எதிரான சாட்சியங்கள் முதலில் மேசைக்கு வந்ததுதான்.

பாலத்தின் இரு பக்கம்

சுவாமிநாதன் டில்லியில் விதைகளுக்குக் கதிரூட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே டிராம்பேயிலும் அதே வேலை தனியாக நடந்துகொண்டிருந்தது. நிலக்கடலை விதையில் எக்ஸ் கதிர் பாய்ச்சிக் கிடைத்த சடுதிமாற்றங்களிலிருந்து, எஸ்.எச். பாட்டீல் முதலானோர் உருவாக்கிய பெருமணிக் கடலை டி.ஜி.-1 1973-இல் வெளியானது. 1991-இல் வந்த டி.ஏ.ஜி.-24 பல மாநிலங்களில் பரவியது. 1985-இல் வந்த டி.ஏ.யு.-1 என்ற உளுந்து மகாராஷ்டிரத்தில் பெருவாரியாக விதைக்கப்பட்டது. இன்று டிராம்பே ரகங்கள் அறுபதுக்கும் மேல். மாட்டுங்காவில் இட்லி சாப்பிடுகிறவரின் தட்டில், செம்பூர் மாமா வேலை பார்த்த ஆய்வகத்தின் உளுந்து இருந்திருக்கலாம். பாலத்துக்கு அந்தப் பக்கம் கதிர் புதிய பயிரை எழுப்புகிறது. இந்தப் பக்கம் வாஷியில் அதே கதிர் முளையையும் கிருமியையும் அடக்குகிறது. அளவுதான் வித்தியாசம்.

அளவு தப்பினால் என்ன ஆகும் என்று சுவாமிநாதன் தன் பெரிய வெற்றியைப் பார்த்தே கேட்டார். தபால்தலை வெளியான அதே 1968-இல், ஆறு மாதம் முன்னதாக, ஜனவரியில், வாராணசியில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில் வேளாண் பிரிவின் தலைவராகப் பேசினார். மண்வளத்தைக் காக்காமல் தீவிரச் சாகுபடி செய்தால் நிலம் பாலையாகும், வடிகாலில்லாத பாசனம் மண்ணை உவராக்கும், கணக்கில்லாத பூச்சிமருந்து உணவில் நஞ்சாய்த் தங்கும், நிலத்தடி நீரை உறிஞ்சித் தீர்த்துவிடுவோம், உள்ளூர் ரகங்களை ஒழித்து ஒன்றிரண்டு ரகங்களையே நாடெங்கும் விதைத்தால் ஒரே நோய் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகும் என்பது அவர் எச்சரிக்கையின் சாரம். பஞ்சாபின் இன்றைய கிணற்று ஆழத்தைப் பார்க்கிறவருக்கு அது பழைய பேச்சாகத் தோன்றாது.

எச்சரித்தவரே அந்தப் புரட்சியை நடத்தியவரும் என்பதால், பிற்காலத்தில் இரண்டு பக்கமும் அவரைக் குறை சொன்னார்கள். குறையில் நியாயம் இல்லாமலில்லை. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது, மானியமும் விலையும் வேறு பக்கம் இழுத்தன. ஆனால் 1966-இன் பசியை வைத்துத்தான் 1966-இன் முடிவை எடைபோட வேண்டும்.

மற்றவை விரைவாகச் சொல்லக்கூடியவை. 1972 முதல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை. 1982 முதல் 1988 வரை பிலிப்பைன்ஸில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமை. அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆசியர் அவர். உலக உணவுப் பரிசு 1987-இல் முதன்முதலாக வழங்கப்பட்டது அவருக்குத்தான். அந்தப் பணத்தைக் கொண்டு 1988-இல் சென்னையில் ஆய்வு நிறுவனம் தொடங்கினார். அலையாத்திக் காடு, உள்ளூர் நெல் ரகங்கள், சிறுதானியம் என்று அதன் அக்கறைகள் 1968 எச்சரிக்கையின் தொடர்ச்சி. 2004 முதல் 2006 வரை தேசிய விவசாயிகள் ஆணையத்தின் தலைவராக இருந்து, விளைபொருளின் ஆதரவு விலை உற்பத்திச் செலவைவிட ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார். இன்றும் தெருவில் விவசாயிகள் அவர் பெயரைச் சொல்லிக் கேட்கிற கோரிக்கை அது. 2023 செப்டம்பர் 28 அன்று சென்னையில், 98 வயதில் மறைந்தார். 2024-இல் பாரத ரத்னா அறிவிக்கப்பட்டது.

ஒரு வெங்காயம்

இந்த அத்தியாயத்தைப் படித்துமுடித்த மாணவர்களுக்கு ஒரு வேலை. சந்தையிலிருந்து நல்ல வெங்காயம் ஒன்று வாங்கி, அடிப்பாகம் மட்டும் தண்ணீரைத் தொடும்படி ஒரு கண்ணாடிக் குவளையின் வாயில் உட்கார வையுங்கள். மூன்று நான்கு நாளில் வெள்ளை வேர்கள் இறங்கும். காலை வேளையில் வேரின் நுனியைச் சில மில்லிமீட்டர் நறுக்கி, உங்கள் உயிரியல் ஆசிரியரின் உதவியோடு அசிட்டோகார்மின் சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்து நசுக்கி, நுண்ணோக்கியில் பாருங்கள். வாகனிங்கனில் ஒரு கும்பகோணத்து இளைஞர் உருளைக்கிழங்கைத் தெரிந்துகொண்டதும், டில்லியில் பிசைந்த கிழங்கின் மேல் ஐயம் எழுந்ததும் இந்த மாதிரி வேர்முனைகளை எண்ணித்தான்.

பிரிந்துகொண்டிருக்கும் உயிரணு ஒன்று கண்ணில் பட்டால் குரோமோசோம்களை எண்ணுங்கள். வெங்காயத்துக்கு 16 வரவேண்டும். வரவில்லையென்றால் புத்தகத்தைப் பார்த்து 16 என்று எழுதிவிடாதீர்கள். இன்னொரு வேரை நறுக்கி, மறுபடியும் எண்ணுங்கள்.